அலுவல் நிமித்தம் வெளியே சென்ற முகம்

எங்கள் வாரியத்தின் வேலை குறை கேட்பது. குறையைத் தீர்ப்பது வேறொரு வாரியத்தின் வேலை. அந்த வாரியம் இன்னும் அமைக்கப்படவில்லை. குழாயில் தண்ணீர் வரவில்லை, சாலையில் குழி, தெருவிளக்கு எரியவில்லை என்று மக்கள் எழுதி அனுப்புவார்கள். 'தங்கள் குறை கனிவுடன் கேட்கப்பட்டது' என்று நான் பதில் அனுப்புவேன். என் பதவிக்கு இளநிலைப் பதிலாளர் என்று பெயர். முதுநிலைப் பதிலாளரும் இதே வாக்கியத்தைத்தான் அனுப்புகிறார். அவருக்குச் சுழல் நாற்காலி உண்டு.

இந்த வேலையில் எனக்குப் பெருமை ஒன்றும் கிடையாது. ஆனால் வேலையோடு ஒரு மருத்துவ அட்டை வருகிறது. அந்த அட்டை இருப்பதால்தான் வாரத்தில் இரண்டு நாள் என் அப்பாவை ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் மெஷினோடு இணைத்து, ரத்தத்தைச் சுத்தம் செய்து அவரிடமே திருப்பித் தருகிறார்கள். அப்பா லாரி ஓட்டியவர். சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட பிறகும் வாய் மட்டும் அவரைக் கைவிடவில்லை.

"உங்க ஆபீஸால இந்த ஊர்ல உருப்படியா ஒரு வேலை நடக்குதுன்னா, அது என் ரத்தம் சுத்தமாகறதுதான்" என்பார். நான் மறுத்ததில்லை.

ஒரு நாள் எல்லோரையும் அரங்கத்துக்கு அழைத்தார்கள். வாரியத் தலைவர் பேசினார். இனிமேல் லேப்டாப்பைத் திறக்கப் பாஸ்வேர்டு கிடையாது, முகத்தைக் காட்டினால் போதும், முகம் காட்டித் திறப்பதே வருகைப் பதிவும் ஆகும் என்று அறிவித்தார்.

"பாஸ்வேர்டுங்கறது அவநம்பிக்கை. உங்கள நாங்க நம்பல, அதனால ஒரு வார்த்தை கேட்டோம். இனிமே நம்பறோம். அதனால உங்க முகத்த மெஷின் நாள் முழுக்க சரிபார்த்துக்கிட்டே இருக்கும்" என்றார். கைதட்டினோம். "முகத்தோட மதிப்பு எனக்குத் தெரியும். நான் இந்த வாரியத்துல சேர்ந்தப்போ என் படிப்ப யாரும் பாக்கல. அப்புறமும் என் வேலைய யாரும் பாக்கல. இந்த முகத்தத்தான் பாத்தாங்க. இன்னைக்கு நான் தலைவர்."

அது முழு உண்மை என்பதால் இன்னும் சற்று நேரம் கைதட்டினோம்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. எங்கள் லேப்டாப்புகளில் கேமரா இல்லை. வாங்கும்போது இருந்தது. ஆனால் கேமரா வழியாக யாராவது எங்கள் பதில்களை உளவு பார்த்துவிடுவார்கள் என்று பாதுகாப்புப் பிரிவு பயந்தது. முதலில் அதன்மேல் ஸ்டிக்கர் ஒட்டினார்கள். சிலர் அதைப் பிய்த்துவிட்டதால், அடுத்து ஒவ்வொரு லேப்டாப்பிலும் கேமராக் கண்ணுக்குள் பசையை ஊற்றி அடைத்தார்கள். அந்தச் சாதனைக்காகப் பாதுகாப்பு அதிகாரிக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். இப்போது பசையைச் சுரண்டினால் பொன்னாடையைத் திருப்பி வாங்கியதுபோல் ஆகிவிடும். ஆகவே ஆளுக்கொரு வெளிக்கேமரா வாங்கினார்கள்.

அந்தக் கேமராவின் கவ்வி பெரிய டிவிகளில் மாட்டுவதற்குச் செய்தது. எங்கள் லேப்டாப்பின் மூடி மெலிசு. கணினிக்காரர் வந்து, இடையில் அட்டையை மடித்து வைத்து, ரப்பர் பேண்டால் இறுக்கினார். அதன்பிறகு கேமரா விழவில்லை, ஆனால் மல்லாந்துகொண்டது. எதிரில் உட்கார்ந்திருக்கும் என்னை மதிக்காமல், பெரிய இடத்துச் சம்பந்தம் தேடுகிறவரைப்போல என் தலைக்கு மேலேயே பார்த்தது.

"பரவாயில்ல மேடம், அதோட பார்வை விசாலமானது. நேரா உட்காருங்க. சிமிட்டாதீங்க" என்றார் கணினிக்காரர்.

"ஸ்கிரீன்ல என் முகமே தெரியலையே?"

"தெரியாது. பாதுகாப்புக்காக மறைச்சு வெச்சிருக்கு. உங்க முகம் எப்படிப் பதிவாகுதுன்னு உங்களுக்கே தெரிஞ்சுட்டா, அதப் பாத்து நீங்க காப்பியடிச்சுடலாம்."

"என் முகத்த நானேவா?"

"அதான் மேடம் ரிஸ்க்கே."

மணி அடித்தது. 'பதிவு மிகச் சிறப்பு' என்று திரையில் வந்தது. இந்தக் கட்டடத்திலேயே இவ்வளவு அசையாமல் இருந்தவர் நான்தான் என்று கணினிக்காரர் மெச்சினார். வீட்டில் அப்பாவிடம் சொன்னேன்.

"அசையாம உட்கார்ந்தா சம்பளம் குடுப்பாங்கன்னு தெரியும். பாராட்டுமா குடுக்கறாங்க?" என்றார்.

முதலில் எல்லாம் பிரமாதமாக நடந்தது. நான் நாற்காலியை இழுக்கும் முன்பே லேப்டாப் திறந்துகொள்ளும். 'வணக்கம், இளநிலைப் பதிலாளரே' என்று எழுதிக் காட்டும். டீ குடிக்கப் போய்விட்டு வந்தாலும் திறந்தே இருக்கும். ஒரு விடுமுறை நாளில்கூட நான் நாள் முழுக்க வேலை பார்த்ததாகப் பதிவாகி, பாராட்டு வந்தது. எனக்குத் தெரிந்து அன்று நான் வீட்டில் தலைக்குக் குளித்துவிட்டுத் தூங்கினேன். ஆனால் பாராட்டை மறுத்துப் பேசும் வழக்கம் எங்கள் வாரியத்தில் இல்லை.

பிறகு தலைவருக்குத் தங்கநிறத்தின்மேல் பிரியம் வந்தது. எங்கள் ஒவ்வொருவர் நாற்காலிக்குப் பின்னாலும், உட்கார்ந்திருப்பவர் தலைக்குச் சற்று மேலே, தலைவரின் படம் மாட்டியிருக்க வேண்டும் என்பது விதி. அத்தனை படங்களுக்கும் தங்கநிறச் சட்டம் போடச் சொல்லி உத்தரவு வந்தது. எங்கள் வரிசையில் முதலில் என் நாற்காலிக்குப் பின்னால் இருந்த படத்தை அலுவலக உதவியாளர் கழற்றிக்கொண்டு போனார். சுவரில் வெளுத்த சதுரம் ஒன்று மிஞ்சியது. மறுநாள் காலை நான் வந்து உட்கார்ந்தேன். லேப்டாப் திறக்கவில்லை.

'முகம் பொருந்தவில்லை.'

கணினிக்காரரைப் போனில் கூப்பிட்டேன்.

"ஆஃப் பண்ணி ஆன் பண்ணீங்களா?"

"பண்ணேன்."

"கேமராவ கழட்டி மாட்டினீங்களா?"

"மாட்டினேன். வேற ஓட்டையிலயும் சொருகிப் பாத்துட்டேன்."

"புகார் போட்டீங்களா?"

"புகார லேப்டாப்லதானே போடணும்? அதான் திறக்கலையே."

"திறந்ததும் போடுங்க. புகார் இல்லாம நான் வந்தா அது சொந்த விஜயமாயிடும்."

கெஞ்சிக் கூத்தாடியதில் சொந்த விஜயமாகவே வந்தார். கேமராவைத் துணியால் துடைத்தார். பிறகு என்னை முகம் கழுவிக்கொண்டு வரச் சொன்னார். கண்ணாடியைக் கழற்றச் சொன்னார், போடச் சொன்னார். மேஜை விளக்கை என் மூஞ்சியில் அடித்தார். கேமராவைக் கையால் பிடித்து நேராக்கி என் மூக்குக்கு எதிரே நிறுத்தினார். ஒவ்வொரு முறையும் முகம் பொருந்தவில்லை. கடைசியில் என்னை எழுப்பிவிட்டுத் தானே உட்கார்ந்தார். அவர் முகமும் பொருந்தவில்லை.

"பாத்தீங்களா" என்றார் நிம்மதியாக. "வேற ஆள் வந்தா விட மாட்டேங்குது. கேமரா நல்லாத்தான் வேலை செய்யுது. கேமராவ டெஸ்ட் பண்ணியாச்சு. உங்க முகத்த யாராவது டெஸ்ட் பண்ணாங்களா?"

"மறுபடியும் பதிவு பண்ணிடுங்களேன்."

"பண்ணலாமே. அதுக்கு நீங்க ஒருதடவை பழைய முகத்த காட்டி உள்ள வரணும்."

அவருக்கு மேலே தொழில்நுட்ப மேலாளர் இருந்தார். அவர் அறையில் நான்கு நாற்காலிகள் இருந்தாலும் நின்றுகொண்டே பேச வைத்தார். "இந்த சிஸ்டத்துல இதுவரைக்கும் ஒரு பிழைகூடப் பதிவாகல" என்றார். "ஏன்னா பிழையப் பதிவு பண்ற வசதிய நாங்க வைக்கவே இல்ல. அவ்வளவு யோசிச்சுப் பண்ணியிருக்கோம். அதனால தப்பு உங்க பக்கம்தான் இருக்கணும். சமீபத்துல முகத்துல ஏதாவது மாற்றம் பண்ணீங்களா? கவலை, தூக்கமின்மை, அந்த மாதிரி?"

"இது திறக்காததாலதான் சார் ரெண்டும் வந்திருக்கு."

"அதான் பொருந்தல" என்று எழுதிக்கொண்டு, வாரியத்தின் டாக்டரிடம் அனுப்பினார். டாக்டர் என் தாடையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சான்று கொடுத்தார்: 'முகம் உள்ளது. மேற்படி முகம் தம்முடையதே என்று மேற்படியார் கூறுகிறார்.'

இதற்குள் நான் வேலைக்கு வராதவள் ஆகிவிட்டேன். தினமும் வந்து, நாள் முழுக்க உட்கார்ந்து, மாலையில் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன் என்பது வேறு விஷயம். பணியாளர் அதிகாரி கூப்பிட்டு அனுப்பினார். அவர் என் அப்பாவின் உடம்பைப் பற்றி எப்போதும் விசாரிப்பவர். அன்றும் விசாரித்தார். பிறகு வருத்தத்தோடு சொன்னார்:

"நீங்க தொடர்ந்து வேலைக்கு வரலம்மா."

"சார், உங்க முன்னாடிதானே நிக்கறேன்."

"நிக்கறது யாருன்னு நான் எப்படிச் சொல்றது? ஆள அடையாளம் காணற பொறுப்ப மெஷின்கிட்ட ஒப்படைச்சாச்சு. போன மாசம் வரைக்கும் எனக்கு உங்கள நல்லாத் தெரியும். இப்போ தெரிஞ்சுக்க எனக்கு அதிகாரம் இல்ல." தண்ணீர் டம்ளரை என் பக்கம் நகர்த்தினார். "நீங்க யாரா இருந்தாலும் சொல்றேன். இப்படித் தொடர்ந்து வராதவங்க, தானா வேலைய விட்டதா அர்த்தம். மருத்துவ அட்டை அதுவா நின்னுடும். நான் நிறுத்தறதில்ல. அதுவா நிக்கும்."

அதுவாகவே நின்றது. டயாலிசிஸ் நாளில் அப்பாவை அழைத்துக்கொண்டு போனால், ஆஸ்பத்திரிக் கவுன்ட்டரில் அட்டை செல்லாது என்றார்கள். கையிலிருந்து பணம் கட்டுகிறேன் என்றேன். பணம் கட்டுகிறவர்களுக்குத் தனி வரிசை, அதில் இடம் அடுத்த மாதம்தான் என்றார்கள். வீட்டுக்குத் திரும்பினோம். மாலைக்குள் அப்பாவின் கால் வீங்கிச் செருப்பு நுழையவில்லை. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று உட்கார்ந்தபடியே கண்ணை மூடிக்கொண்டார். வாரியத்தைப் பற்றி ஒரு வார்த்தை கிண்டலாகச் சொல்லவில்லை.

மறுநாள் காலை பக்கத்து வீட்டு அக்காவை அப்பாவுக்குத் துணையாக வைத்துவிட்டு அலுவலகத்துக்கு ஓடினேன். என்ன செய்யப்போகிறேன் என்று தெரியாது. அந்த லேப்டாப்பின் முன்னால் உட்கார்ந்து, ஜென்மப் பகையாளியைப் பார்ப்பதுபோல் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதுவும் மல்லாந்தபடி பழையபடி என் தலைக்கு மேலே வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. அப்போது அலுவலக உதவியாளர், தங்கச் சட்டம் போட்ட படத்தை மார்போடு அணைத்துக்கொண்டு என் பின்னால் வந்து நின்றார்.

மணி அடித்தது. 'வணக்கம், இளநிலைப் பதிலாளரே. சில நாட்களாகக் காணவில்லையே.'

நான் திரும்பிப் பார்த்தேன். உதவியாளர். அவர் மார்பில் தலைவர், மீசையும் புன்னகையுமாக.

"அண்ணே, கொஞ்சம் அந்தப் பக்கம் போங்க."

போனார். திரை பூட்டிக்கொண்டது.

"இப்போ வாங்க."

வந்தார். திறந்தது. மறுபடியும் போகச் சொன்னேன், வரச் சொன்னேன்.

"என்னம்மா, சாரை வெச்சு விளையாடறீங்க?" என்றார் அவர் கவலையோடு.

அரை மணி நேரத்தில் கணினிக்காரர், தொழில்நுட்ப மேலாளர், பாதுகாப்பு அதிகாரி, பணியாளர் அதிகாரி எல்லோரும் என் மேஜையைச் சுற்றி நின்றார்கள். படத்தைக் காட்டினால் திறந்தது. என்னைக் காட்டினால் பூட்டியது. யாருக்கும் புரியாமல் இருக்க வழியே இல்லை.

"என் முகம்னு தலைவர் முகத்தப் பதிவு பண்ணியிருக்கீங்க" என்றேன். "அதை அழிச்சுட்டு என் முகத்தப் பதிவு பண்ணிடுங்க. எங்கப்பா வீட்டுல மூச்சு விட முடியாம உட்கார்ந்திருக்காரு."

மேலாளர்தான் மெதுவாக ஆரம்பித்தார்.

"அழிக்கணும்னா, 'தலைவர் முகத்தை நீக்குக'ன்னு ஒரு ஆணை போடணும். யார் கையெழுத்து போடறது?"

"நான் போட மாட்டேன்" என்றார் பாதுகாப்பு அதிகாரி. "எனக்கு ரெண்டு பசங்க இருக்காங்க."

"தலைவர்கிட்டயே கேட்டுடலாமே சார்?" என்றேன்.

"என்னன்னு கேக்கறது? உங்க முகம் தப்பா இருக்குன்னா? அவர் முகம் எப்படிம்மா தப்பா இருக்கும்? அதுவும் 'பதிவு மிகச் சிறப்பு'ன்னு வந்திருக்கு." மேலாளர் படத்தைப் பார்த்துத் தலையை லேசாகக் குனிந்துகொண்டார். "உண்மையச் சொன்னா, இந்த ஆபீஸ்லயே ரொம்ப நல்லாப் பதிவான முகம் இதுதான்."

கடைசியில் வழி கண்டுபிடித்தவர் பணியாளர் அதிகாரி. அவர் முகம் மலர்ந்தது.

"பதிவுப்படி இந்த சீட்டோட முகம் இது. அப்போ இத்தனை நாள் வராம இருந்தது இவங்க இல்ல, படம். படம் எங்க போயிருந்தது? சட்டம் போட. யார் உத்தரவுல? தலைவர் உத்தரவுல. அப்போ இளநிலைப் பதிலாளரோட முகம் அலுவல் நிமித்தம் வெளிய போயிருந்தது. விடுப்பே இல்ல. அட்டை உடனே உயிர் பெறும்." என் பக்கம் திரும்பினார். "பாத்தீங்களா? விதிக்குள்ள மனிதாபிமானம் இருக்கும்மா. தேடணும்."

கணினிக்காரர் கேமராவை இன்னும் சற்று மல்லாத்தி, ரப்பர் பேண்டை இரட்டையாகப் போட்டார். இனி நான் நிமிர்ந்து உட்கார்ந்து குறுக்கே வரக் கூடாது என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள். நின்றுபோன அட்டை என்பதால் இன்னொரு நிபந்தனையும் இருந்தது. ஊழியர் ஒருமுறை ஆஸ்பத்திரிக் கவுன்ட்டரில் முகத்தைக் காட்ட வேண்டும்.

"எந்த முகத்த சார்?"

"பதிவான முகத்தத்தான்."

படத்தை ஒரு பையில் போட்டு எடுத்துப்போகிறேன் என்றேன். தலைவரைப் பையில் போடுவதா என்று பாதுகாப்பு அதிகாரிக்குக் கண் சிவந்துவிட்டது. அலுவலகக் கார் வந்தது. பின் சீட்டில் படத்தை வைத்து பெல்ட் போட்டார்கள். முன் சீட்டில் உதவியாளர் ஏறிக்கொண்டார். நான் கதவில் கை வைத்தேன். தலைவரோடு பின் சீட்டில் உட்கார என் பதவிக்கு அனுமதி இல்லை என்றார்கள்.

வீட்டுக்கு ஓடி, அப்பாவை வாடகை வண்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். சிக்னலில் எங்களுக்குப் பக்கத்தில் அலுவலகக் கார் வந்து நின்றது. அப்பா கண்ணைத் திறந்து அதன் பின் சீட்டைப் பார்த்தார்.

"யாரு அந்தப் பெரிய மனுஷன்?"

"நான்தாம்பா" என்றேன்.

முழுக்கதையையும் சொல்லி முடிப்பதற்குள் ஆஸ்பத்திரி வந்துவிட்டது. எதிர்க்கேள்வி கேட்கிற அளவுக்கு அவருக்கு மூச்சில்லை.

கவுன்ட்டரில் இருந்த பெண்மணி கேமராவைக் காட்டினார். உதவியாளர் படத்தைத் தூக்கிப் பிடித்தார். 'முகம் பொருந்தியது. உறவு: மகள்' என்று திரையில் வந்தது. அந்தப் பெண்மணி மீசையைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். திரையை நம்பினார்.

"பேஷண்ட் வாயால ஒருதடவை சொல்லணும்" என்று அப்பாவின் சக்கர நாற்காலிப் பக்கம் குனிந்தார். "ஐயா, இவங்க உங்க பொண்ணுதானே?"

அப்பா தங்கச் சட்டத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். எனக்கு அங்கேயே உட்கார்ந்து அழ வேண்டும்போல் இருந்தது. ஆனால் அழுதால் இன்னும் நேரமாகும்.

"ஆமா" என்றார் அப்பா. "பொண்ணுதான்."

"அப்போ இவங்க யாரு?" என்று என்னைக் காட்டினார் அந்தப் பெண்மணி.

அப்பா சற்று யோசித்தார். "தெரியலம்மா. வழியெல்லாம் கூட வந்தாங்க. நல்ல மாதிரி."

உள்ளே உறவினர் ஒருவருக்குத்தான் அனுமதி. படத்தைக் கொண்டுபோய் அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்து நாற்காலியில் வைத்துவிட்டு உதவியாளர் டீ குடிக்கப் போனார். நான் கண்ணாடிச் சுவருக்கு வெளியே நின்றேன். அப்பாவின் கையில் ஊசி ஏறியது. குழாய்கள் சிவந்தன. அந்த மெஷின் யாரையும் யாரென்று கேட்கவில்லை. வந்த ரத்தத்தை வாங்கியது, சுத்தம் செய்தது, திருப்பிக் கொடுத்தது. அங்கே இருந்தவற்றில் அது ஒன்றின்மேல்தான் எனக்கு மரியாதை வந்தது.

நேரம் போகப் போக அப்பாவின் மூச்சு சீராகியது. தலையைத் திருப்பிப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தலைவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஊசி இல்லாத கையை நீட்டி, சட்டத்தின் ஓரத்தைப் பிடித்து, மெல்ல மெல்லத் தள்ளிப் படத்தைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்தார்.

நர்ஸ் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனார். கதவு சரியாகச் சாத்தாததால் அவர் கேட்டது எனக்குக் காதில் விழுந்தது.

"என்னங்க ஐயா, உங்க பொண்ணு அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருக்காங்க?"

"கோவமா இருக்காம்மா" என்றார் அப்பா. "அப்படியே விட்டுடுங்க."

அவர் சொன்னதில் பொய் ஏதும் இல்லை. நான் கோபமாகத்தான் இருந்தேன்.